மூலைக்கொடிக்குப் பக்கத்தில் இருந்தவர்

விளையாட்டுக் குழுவினரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன், மாதா திருநாள் முடிந்து அடுத்த ஞாயிறு, பூசைக்கு வந்த சனம் வாசலைத் தாண்டுவதற்குள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையளை அமெரிக்காவுக்கு அனுப்புறன் எண்டு ஒரு கமிஷன்காரர் திரியிறார். தாய் தேப்பன்மார் கவனம்" என்று அறிவித்தீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இத்தாலியின் இந்த மூலையில், பலெர்மோவில், மடக்குக் கதிரையும் கொப்பியுமாக மைதானத்துக்கு வருகிற தமிழர் ஒருவர்தான் இருந்தார்.

நானும் அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை எழுதுவேன்.

மைதானத்தில் எல்லோரும் நடுக்கோட்டுப் பக்கம் நிழலில் நின்று கத்துவோம். அவர் எதிர்ப்பக்க மூலைக்கொடிக்குப் பக்கத்தில், வெயிலில், கதிரையை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒரு குடை. பள்ளிப் பிள்ளைகள் கணக்குக்குப் பாவிக்கிற கட்டம் போட்ட கொப்பி ஒன்று. தெருவில் விற்கிற வறுத்த பூசணி விதைப் பொட்டலம் ஒன்று. விதையைக் கடித்துத் தோலைத் தன் சட்டைப் பைக்குள் போடுவார். ஆட்டம் முடியும்போது பை புடைத்திருக்கும். கை தட்ட மாட்டார். கோல் விழுந்தால்கூட முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதிலும் நீங்கள் கதை கட்டினீர்கள். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பராமரித்து, அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். சிஞ்ஞோராவின் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்றுநர். அங்கே கல்லூரி அணி என்பது சின்ன விஷயம் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடங்களில் இருக்கிற நல்ல ஆட்டக்காரிகளை உலகம் முழுக்கத் தேடுவார்கள். பிடித்துப் போனால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். பிள்ளை விளையாட வேண்டும், பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். ஒரு கோடையில் தாயைப் பார்க்க வந்த அந்தப் பெண் இவரோடு எங்கள் ஊர்ச் சங்கங்களின் ஆட்டம் ஒன்றுக்கு வந்தாள். என்ன கண்டீர்கள் என்று அவள் கேட்க, இவர் ஒரு மணித்தியாலம் சொல்லியிருக்கிறார். எனக்காகப் பார்த்து எழுதுங்கள் என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான். சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருக்கு விடுமுறை. அந்த விடுமுறையை வெயிலில் கழித்தார்.

எனக்கு அவர் மேல் முதலில் வந்தது மரியாதை இல்லை, அறியும் ஆவல். இந்த மனிதர் பந்து இருக்கிற பக்கம் பார்ப்பதே இல்லை. பந்து வலப்பக்கம் போனால் இவர் கண் இடப்பக்கம் நிற்கும். ஒரு நாள் நிழலை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, பந்து அங்கை கிடக்கு. நீங்கள் எங்கை பாக்கிறியள்?"

"பந்தை எல்லாரும் பாக்கினம் தங்கச்சி. அதுக்கு ஆள் தேவையில்லை."

"அப்ப என்னத்தைப் பாக்கிறியள்?"

"பந்து போன பிறகு பிள்ளை என்ன செய்யுது எண்டு."

அந்த நேரம் என் மகள், தற்காப்பு வரிசையில் விளையாடுகிறவள், பந்தைத் தவறவிட்டு எதிரணிக்கு ஒரு கோலைக் கொடுத்தாள். எனக்கு மானம் போனது போல இருந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். "தவறவிட்டாள். ஆரையும் திட்டவில்லை. தலைமயிரை இறுக்கிக் கட்டினாள். தன் இடத்துக்குத் திரும்பினாள்." கோல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை.

தாய் தகப்பன்மார் அவரைச் சுற்றி வளைப்பார்கள். ஒருவர் வந்து, "ஐயா, என்ரை மகள் மூண்டு கோல் அடிச்சவள், எழுதினனியளே?" என்று கேட்டார்.

"மூண்டும் கண்டனான். நாலாவது பந்து வரேல்லை எண்டு கூட விளையாடின பிள்ளையை ஏசினதையும் கண்டனான்."

"அதை விட்டுடுங்கோவன்."

"கண்டனான் எல்லோ."

இதுதான் அவர். கண்டால் எழுதுவார். காணாததை எழுத மாட்டார். கேட்டதை எழுதினால் கேட்டேன் என்று எழுதுவார். பெரிய குணமாக நான் இதைச் சொல்லவில்லை. பல நாட்கள் எரிச்சலாக இருந்தது. அல்பெர்கேரியாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்தார். நாலாம் மாடி, லிப்ட் இல்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் கேட்டது, "தண்ணிப் போத்தல் ஆர் தூக்கிறது?"

"மகள்தான்."

"கண்டால்தான் எழுதலாம்."

மகள் சிரித்துக்கொண்டு கீழே போய் ஆறு போத்தல் கொண்ட கட்டுகளை இரண்டு கையிலும் தூக்கி வந்தாள். "அல்லோரா, அப்ப மாமா, போதுமோ, இன்னும் தூக்கோணுமோ?" என்றாள். அவர் கொப்பியைத் திறந்தார். பள்ளிக்கூட மார்க்ஸ் தாளைக் கேட்டு, ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துப் பார்த்து எழுதினார். என்னைக் கதவு நிலையோடு நிற்கச் சொல்லி உயரம் பார்த்தார். பிள்ளை இன்னும் வளருமா என்று தாயைப் பார்த்துத்தான் சொல்லலாமாம். மீன் பற்றீஸ் பொரித்து வைத்திருந்தேன். வேலை முடியுமட்டும் தொடவில்லை. முடிந்த பிறகு சாப்பிட்டார், சாப்பிட்டார், சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"இதையும் எழுதுவியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஏழு."

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு பழக்கம். பல்லாரோ சந்தைக்கு வந்தால் நேர் வழியில் போக மாட்டார். மரக்கறிப் பைகளோடு பின் ஒழுங்கையால் சுற்றி, மூத்திர நாற்றத்துக்குள்ளால் போய், சந்தையின் மற்ற முனையில் ஏறுவார். மூன்று நான்கு தரம் கண்டேன். ஒரு நாள் பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன்.

"கடைக்காரர் ஆருக்கும் பயமோ?"

"ஒரு அம்மா அந்த மீன்கடையடியிலை நிப்பா."

"நிண்டால் என்ன?"

நடந்துகொண்டே சொன்னார். முதல் வருடம் அந்தத் தாயின் மகளைப் பற்றி எழுதியபோது, முழங்கால் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று எழுதினாராம். தாய் அழுதபடி சொன்னாளாம், முழங்கால் சுகம் என்று. இவர் பார்க்கவில்லை. தாய் சொன்னதைத் தான் கண்டது போல எழுதிவிட்டார். பிள்ளை அமெரிக்கா போனது. பதினொரு கிழமையில் முழங்கால் போய், ஊன்றுபொல்லோடு திரும்பி வந்தது.

"அவா என்னை ஒண்டும் பேசேல்லை. பேசியிருந்தால் நேர் வழியாலை போவன்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி உங்கள் தங்கக் காசுக்கு வருகிறேன்.

அந்த வருடத் திருநாள் சுற்றுப்போட்டியில் எங்கள் பெண்கள் அணி வென்றது. கடைசிப் பத்து நிமிடம் மகள் "அமுனீ, அமுனீ", வாங்கோ போவம் என்று கத்திக் கத்தி முழு அணியையும் தள்ளிக்கொண்டு போனாள். அவளுக்குச் சிறந்த வீராங்கனை என்ற பட்டம். எங்கள் ஆட்களுக்குக் கிண்ணம் கொடுத்தால் மனம் ஆறாது, பொன் கொடுத்தால்தான் மரியாதை. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். தலைவர் ஒலிவாங்கியில், "இந்த வருசத்துச் சிறந்த வீராங்கனைக்கு ஒரு பவுண் தங்கக் காசு" என்று சொல்லி, சிவப்புப் பெட்டியை அவள் கையில் வைத்தார். சனம் கை தட்டியது. நான் அழுதேன்.

அழுதுகொண்டே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினது எங்கே? மூலைக்கொடிக்கு. அவருக்குக் காட்ட.

"அண்ணை பாருங்கோ, ஒரு பவுண். எழுதுங்கோ இதை. நல்லா எழுதுங்கோ."

அவர் விதை கடிப்பதை நிறுத்தினார். பெட்டியைக் கையில் வாங்கவில்லை.

"எழுதிட்டன்" என்றார். "எழுதாமல் விட்டிருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறன்."

அவர் சொன்னது இதுதான். விளையாடியதற்காகக் காசோ பொன்னோ வாங்கியவர்களை அந்தக் கல்லூரி அணியில் சேர்க்க முடியாது. சம்பளத்துக்கு விளையாடியவர் என்று ஆகிவிடும். கிண்ணம், பதக்கம், பொம்மை என்றால் பிரச்சினை இல்லை. ஒரு பவுண் பொன் என்றால் பிரச்சினை. கல்லூரிப் படிவம் ஏற்கனவே வீட்டுக்கு வந்திருந்தது. அதில் அந்தக் கேள்வி இருந்தது. மாத முடிவுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். மகளுக்காக ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள் அந்தப் பயிற்றுநர்.

நான் கெஞ்சினேன். "ஒரு வரி அண்ணை. வெட்டிவிடுங்கோ. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"என்ரை பிள்ளை வாழ்நாள் முழுக்க மற்றவையின்ரை படிக்கட்டு கழுவோணுமோ, என்னைப் போல?"

அவர் கதிரையை மடக்கினார். அடுத்த நாள் வீட்டுக்கு வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டே வாய்க்கு வந்தபடி பேசினேன். உங்கள் கொப்பியைக் கொண்டுபோய் அடுப்பில் போடுங்கள் என்றும் சொன்னேன். மூன்றாம் மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். அவர் படியில் உட்கார்ந்து, நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு கதவுக்குள்ளால் சொன்னார்:

"தங்கச்சி, படிவத்திலை பெறுமதி எவ்வளவு எண்டும் கேட்டிருக்கு. நான் அறியன். அதை நிறுத்துப் பாக்கோணும். வாங்கோ, போவம்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. பிள்ளையின் தலையில் கல்லைப் போட்ட பிறகு கல்லின் நிறையையும் பார்க்கப் போகிறாராம். ஆனாலும் போனேன். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு கிழட்டு நகைக்காரன். கடையில் இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. காசை வாங்கித் தராசில் வைத்தான், எடுத்தான், எங்கள் இருவரையும் பார்த்தான். கறுப்புக் கல்லில் உரைத்து ஒரு துளி திராவகம் விட்டான். பச்சையாகப் பொங்கியது.

"ஒத்தோனே, சிஞ்ஞோரா" என்றான். பித்தளை. மேலே பொன் பூச்சு, அதுவும் நகத்தால் சுரண்டினால் போகிற பூச்சு.

அந்தக் கடை வாசலில் எனக்கு வந்தது சிரிப்பு. ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டிய இடம், நான் சிரித்தேன். பித்தளை என்றால் பொம்மை. பொம்மை என்றால் மகள் போகலாம். அவரும் சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் கண்டேன். நகைக்காரனிடம் கடிதம் வாங்கினோம். கொப்பியில் எழுதினார்: "பித்தளை. உரைக்கக் கண்டேன்."

நாலு அடி நடந்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணை?"

"இந்தக் கடிதம், இந்தக் காசு பித்தளை எண்டு சொல்லும். மேடையிலை குடுத்த காசு இதுதான் எண்டு சொல்லாது. அதைக் குடுத்தவைதான் சொல்லோணும்."

சரிதானே. நான் நல்ல காசை வைத்துக்கொண்டு சந்தையில் பித்தளை வாங்கியிருக்கலாம் என்று எவரும் கேட்கலாம். ஆகவே உங்களிடம் வந்தோம். கோயிலுக்குப் பின்னால், கதிரைகள் அடுக்கி வைக்கிற அறையில் நீங்கள் மூன்று பேர் இருந்தீர்கள். இரண்டு வரிக் கடிதம்தான் கேட்டோம். நாங்கள் கொடுத்தது பொன் பூசிய நினைவுக் காசு, பெறுமதி இல்லை. அவ்வளவு. ஆரையும் கள்ளர் என்று சொல்லவில்லை. உங்களையும் யாராவது கடையில் ஏமாற்றியிருக்கலாம் என்றுகூட அவர்தான் முந்திச் சொன்னார், உங்கள் மானத்துக்காக.

தலைவர் சொன்னார்: "தங்கச்சி, குழு குடுத்தது தங்கம். உங்கடை கையிலை அது பித்தளையா மாறினால் நாங்கள் பொறுப்பில்லை."

செயலாளர் சொன்னார்: "அமெரிக்கா போற அவசரத்திலை வித்திட்டினமோ தெரியாது."

பக்கத்தில் ஒரு சத்தம். கொப்பியின் தாள் திரும்புகிற சத்தம். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன காணும் எழுதிறீர்?" என்று தலைவர் கேட்டார்.

"நீங்கள் சொன்னதை."

"ஆர் உம்மை எழுதச் சொன்னது? கோயில் பக்கமே வராத ஆள் நீர்."

அவர் அதையும் எழுதினார். எழுதி முடித்து, "திருத்த ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அவர் நையாண்டி பண்ணவில்லை. உண்மையாகவே கேட்டார். உங்களுக்கு அது விளங்கவில்லை. அடுத்த ஞாயிறே ஒலிவாங்கியில் அவரைக் கமிஷன்காரர் ஆக்கினீர்கள்.

கடிதம் வரவில்லை. மாதம் முடிந்தது. மகளுக்கு வைத்திருந்த இடம் வேறு ஒரு பிள்ளைக்குப் போனது. மகள் அழவில்லை. தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த நாள் பயிற்சிக்குப் போனாள்.

அவர் பிறகும் மைதானத்துக்கு வந்தார். அதே மூலை, அதே குடை. அவர் பக்கம் போகாதே என்று பிள்ளைகளைத் தாய்மார் மறித்தார்கள். முன்பு அவரைச் சுற்றி வளைத்த அதே தாய்மார். நான் வீட்டிலிருந்து ஒரு கதிரை கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டேன். இரண்டு பேரும் வெயிலில் இருந்தோம். ஏன் இன்னும் எழுதுகிறீர்கள், ஒருவரும் பிள்ளையை அனுப்பப் போவதில்லையே என்று கேட்டேன்.

"அதுக்காகப் பிள்ளையள் விளையாடாமல் இருக்கினமே?" என்றார்.

மாரிக்குள் சிஞ்ஞோரா இறந்துபோனார். வீட்டை விற்றார்கள். அவருக்கு வேலையும் போனது, இருக்க இடமும் போனது. வடக்கே தம்பியிடம் போகிறேன் என்றார். பஸ் நிலையத்துக்கு நானும் மகளும் போனோம். பஸ் ஏறுவதற்கு முன் கொப்பியை என் கையில் தந்தார். மெலிந்து போயிருந்தது.

"உங்கடை பிள்ளையின்ரை பக்கங்கள் மட்டும்தான் இருக்கு. மற்றதுகளைக் கிழிச்சு அந்தந்தத் தாய்மாருக்குக் குடுத்திட்டன். அது அவையின்ரை."

"மீன்கடையடி அம்மாவுக்கும் குடுத்தனியளோ?"

"ஓம். முதல்லை அவாவுக்குத்தான்." பிறகு, "நேர் வழியாலைதான் போனனான்" என்றார்.

பஸ் போன பிறகு அங்கேயே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து கொப்பியைப் பிரித்தேன். திருநாள் அன்று எழுதிய பக்கத்தைத் தேடினேன். அந்த ஒரு வரிக்காகத்தான் அவரைப் படிக்கட்டில் வைத்து ஏசினேன், அடுப்பில் போடு என்றேன். ஒரு தரமேனும் அதை வாசிக்கவில்லை. இப்போது வாசித்தேன்.

"ஒரு பவுண் தங்கக் காசு என்று ஒலிவாங்கியில் சொல்லக் கேட்டேன். கையில் எடுத்துப் பார்க்கவில்லை."

தங்கம் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவே இல்லை. தங்கம் என்று சொன்னது நீங்கள். எழுதச் சொல்லிக் கத்தியது நான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கல்லூரியில் இருந்து மகளுக்குத் திரும்பவும் செய்தி வந்திருக்கிறது. தற்காப்பு வரிசையில் ஒரு இடம் காலியாம். மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கிறாள், ஒருவரிடமும் சம்பளம் வாங்கி விளையாடவில்லை, ஆகவே இன்னும் சேரலாமாம். பயிற்றுநர் அவர் அனுப்பிய பழைய குறிப்புகளை வைத்திருக்கிறாள். அவர் எழுதிய எல்லாவற்றையும் நம்புகிறாளாம். அதே படிவம், அதே கேள்வி. அதே இரண்டு வரிக் கடிதம். மாத முடிவுக்குள் வேண்டும்.

போன கிழமை அறைக்கு வந்து கேட்டேன். தலைவர் இல்லை என்றீர்கள். அதற்கு முதல் கிழமை கேட்டேன். கூட்டத்தில் கதைப்போம் என்றீர்கள். இனி அறைக்கு வர மாட்டேன்.

வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், அவரைக் கமிஷன்காரர் என்று சொன்ன அதே ஒலிவாங்கியில், அதே சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள். அந்த மனிதர் எந்தத் தாயிடம், எந்தத் தகப்பனிடம் ஒரு சதமாவது வாங்கினார்? வாங்கினார் என்றால் அந்த ஆளை எழுப்பி நிறுத்துங்கள். என் மகளின் கையில் நீங்கள் வைத்தது தங்கமா, பித்தளையா? தங்கம் என்றால் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நகைக்காரனைக் கூட்டிவர நான் ஆயத்தம். பித்தளை என்றால் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் உங்களை ஒன்றும் கேட்க மாட்டேன்.

முன் வாங்கில் இருப்பேன். சிவப்புப் பெட்டி கையில் இருக்கும். அவருடைய கொப்பியில் இன்னும் வெறும் பக்கங்கள் இருக்கின்றன, பேனையும் கொண்டு வருவேன். நீங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன். சொல்லாமல் இருந்தால் அதையும் எழுதுவேன்.